பூட்டி வைத்தால் செல் அரிக்கும்

நாம் வாழும் ஆஸ்டின் டவுனுக்குக் கிட்டல் நகர் என்றும் ஒரு பெயர் உண்டு. பஸ் கண்டக்டரும் ஆட்டோக்காரரும் ஆஸ்டின் டவுன் என்றே சொல்வதால் நம் பிள்ளைகளில் பலருக்கு இந்தப் பெயர் தெரியாது. ஃபெர்டினண்ட் கிட்டல் ஒரு ஜெர்மானியப் பாதிரியார். 1853-ஆம் ஆண்டு பாசல் மிஷன் சார்பில் கன்னட நாட்டுக்கு வந்தவர், பல்லாண்டுகள் உழைத்து ஏறத்தாழ 70,000 சொற்கள் கொண்ட கன்னட–ஆங்கில அகராதியை உருவாக்கினார். 1894-இல் அது மங்களூரில் அச்சாகி வெளிவந்தது. தமிழ், தெலுங்கு, மலையாளம், துளு ஆகிய மொழிகளின் உறவுச் சொற்களையும் அவர் அதில் காட்டியிருப்பதால், தமிழராகிய நமக்கும் அது பயன்படுகிற நூல்.

அவர் மறைந்தது 1903-இல். அச்சிட்ட அச்சகத்தின் காலமும் மாறிவிட்டது. ஆனால் அகராதி அழியவில்லை. பிரதிகள் பல ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்ததுதான் காரணம். ஓர் இடத்தில் நூல் நைந்தாலும் வேறோர் இடத்தில் பிழைத்திருக்கும். இன்று அதைக் கணினியிலும் படிக்கலாம்.

ஓர் இணையத்தளத்தின் கதை அப்படியன்று. அது பெரும்பாலும் எங்கோ ஒரு கணினியில், யாரோ ஒருவரின் பாஸ்வேர்டுக்குள் இருக்கிறது. ஆண்டுக் கட்டணம் கட்டாவிட்டால் மறுநாளே மறைந்துவிடும். கட்டியவர் வேலை மாறிப் போனால் ஒரு தொலைபேசி எண்ணைக்கூடத் திருத்த ஆளிருக்காது. ஆகவே சிறிய ஆய்வுக்கூடங்களும், அவற்றைப் போலவே பணமும் ஆளும் குறைந்த நம் சங்கங்களும், தங்கள் இணையத்தளத்தைத் திறந்த மூல முறையில் கட்டி, கட்டிய விதத்தையும் மற்றவரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது.

இதைத் தமிழர்களுக்குப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து சுவடி தேடியபோது கண்டது என்ன? பிரதி எடுக்கக் கொடுத்த வீட்டுச் சுவடி பிழைத்தது. யாருக்கும் காட்டாமல் பெட்டியில் பூட்டி வைத்த சுவடியைச் செல் அரித்தது. அவர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்ததற்குக் காரணம், பல இடங்களிலிருந்து பல பிரதிகள் அவர் கைக்குக் கிடைத்ததுதான்.

ஒரு சிறு ஆய்வுக்கூடத்தின் கதை

என் தங்கை மகள் இந்நகரத்துக் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். பெரிய கூடமில்லை. ஒரு பேராசிரியை, ஐந்து மாணவர்கள், இரண்டு அறைகள். மாதந்தோறும் ஏரிகளிலிருந்து தண்ணீர் எடுத்து வந்து, அதில் கரைந்துள்ள ஆக்சிஜன் எவ்வளவு, பாஸ்பேட் எவ்வளவு, ஈயம் இருக்கிறதா என்று அளந்து குறித்து வைக்கிறார்கள்.

இதெல்லாம் படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். 2016 மார்ச்சில் நம் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். 2017 பிப்ரவரியில் பெல்லந்தூர் ஏரியிலேயே தீப்பற்றிப் புகை எழுந்தது. சாக்கடை நீர் கலந்தால் அதிலுள்ள அழுக்கைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடுகின்றன. ஆக்சிஜன் குறைந்தால் மீன் மூச்சுத் திணறிச் சாகிறது. இந்த வீழ்ச்சி ஒரே நாளில் வருவதில்லை, படிப்படியாக வருகிறது. போன ஆண்டு எவ்வளவு, அதற்கு முந்தைய ஆண்டு எவ்வளவு என்ற கணக்கு இருந்தால்தான் ஏரி கெட்டு வருகிறது என்று அதிகாரிகளிடம் அடித்துச் சொல்ல முடியும்.

அந்தக் கணக்கையெல்லாம் பேராசிரியை தம் கூடத்தின் இணையத்தளத்தில் வெளியிட்டு வந்தார். தளத்தைக் கட்டிக் கொடுத்தது ஒரு சிறு நிறுவனம். பணம் வாங்கிக்கொண்டு நன்றாகத்தான் செய்து கொடுத்தார்கள். ஆனால் தளத்தின் நிரலும், பாஸ்வேர்டும், தளத்தின் பெயர்ப் பதிவும் அவர்களிடமே இருந்தன. சில ஆண்டுகளில் அந்த நிறுவனம் கடையைக் கட்டிவிட்டது. பெயர்ப் பதிவைப் புதுப்பிக்க யாரும் இல்லை. ஒரு நாள் முகவரியைத் தட்டிப் பார்த்தால் வேறு ஏதோ விளம்பரம் வந்து நிற்கிறது. ஏரிக்கரைக் குடியிருப்பு ஒன்றைச் சேர்ந்தவர்கள், ஒரு விசாரணைக்காகப் பழைய அளவுகளைக் கேட்டு வந்த நேரம் அது. நோட்டுப் புத்தகங்களிலும் பழைய கணினியிலும் எண்கள் கிடந்தன. அவற்றைத் தேடியெடுத்து ஒழுங்குபடுத்துவதற்குள் விசாரணை நாள் கடந்துவிட்டது.

அதன் பிறகுதான் மாணவர்கள் தாங்களே தளத்தைக் கட்டுவது என்று முடிவு செய்தார்கள். சனி, ஞாயிறுகளில் எங்கள் வீட்டு மாடியில்தான் வேலை நடந்தது. அந்தக் கூட்டத்தில் கன்னடப் பிள்ளை உண்டு, வங்காளப் பிள்ளை உண்டு, மலையாளப் பெண்ணும் உண்டு. "மாமா, நீங்களும் உட்கார்ந்து பாருங்க, இதிலே மந்திரம் ஒண்ணும் இல்லே" என்று தங்கை மகள் கூப்பிட்டாள். நானும் உட்கார்ந்து பார்த்தேன். உண்மையிலேயே மந்திரம் ஒன்றும் இல்லைதான்.

அவர்கள் வெற்றிடத்திலிருந்து தொடங்கவில்லை. நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் இயங்கிய ஆலன் ஆய்வகம் என்ற இயற்பியல் ஆய்வகம், தன் தளத்தை எப்படிக் கட்டியது என்று விளக்கி, நிரலையும் மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்த வெளியிட்டிருக்கிறது. லெய்டன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சோழர்களின் ஆனைமங்கலச் செப்பேடுகள். அதே லெய்டனிலிருந்து இப்போது இப்படியும் ஒன்று வந்து சேர்ந்தது! அமெரிக்காவின் கிரீன் ஆய்வகமும், எந்த ஆய்வுக்கூடமும் பெயரை மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளும்படி ஒரு மாதிரித் தளத்தை வெளியிட்டிருக்கிறது. அதில் ஒரு வசதி உண்டு. ஆய்வுக் கட்டுரைகளுக்கு டி.ஓ.ஐ. என்று நிலையான அடையாள எண் ஒன்று இருக்கிறது. அந்த எண்ணை மட்டும் எழுதினால் போதும். தலைப்பு, ஆசிரியர்கள், இதழ், ஆண்டு எல்லாவற்றையும் நிரலே கொண்டு வந்து அடுக்கிவிடும்.

தளத்தின் உள்ளடக்கம் முழுவதும் சாதாரண எழுத்துக் கோப்புகள். உறுப்பினர் பெயர் ஒரு கோப்பில், கட்டுரைப் பட்டியல் ஒரு கோப்பில், ஏரி அளவுகள் ஒரு கோப்பில். 2008-இல் வெளியான ஜெக்கில் என்ற இலவச மென்பொருள் அவற்றை இணையப் பக்கங்களாக மாற்றித் தருகிறது. பக்கங்கள் முன்கூட்டியே தயாராகிவிடுவதால் ஓட்டை வழியாக உள்ளே புகுந்து கெடுப்பவர்களுக்கு இடம் மிகக் குறைவு. பழைய செல்போனிலும் சட்டென்று திறக்கிறது. இத்தகைய சிறு தளங்களை இலவசமாக வைத்துக்கொள்ள இடம் தருவோரும் உண்டு. ஆண்டுக்கொரு முறை பெயர்ப் பதிவுக் கட்டணம் ஒன்றுதான் செலவு. அந்தப் பதிவு இப்போது கல்லூரியின் பெயரிலேயே இருக்கிறது. சாவி இருவரிடம் இருக்கிறது.

கட்டி முடித்ததும் அதைத் தங்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளவில்லை. எப்படி நிறுவுவது என்ற குறிப்பை ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் தமிழிலும் எழுதி, நிரலோடு வெளியிட்டார்கள். தமிழ்க் குறிப்பு தங்கை மகளுடையது. சில மாதங்களில் தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றின் மாணவர்கள் அதை எடுத்துத் தங்கள் கூடத்துக்குப் பொருத்திக்கொண்டார்கள். நீண்ட தமிழ்ச் சொற்கள் செல்போன் திரையின் ஓரத்தைத் தாண்டி ஓடுவதைக் கண்டு அவர்களே சரி செய்து, திருத்தத்தை இங்கே அனுப்பியும் வைத்தார்கள். பகிராமல் இருந்திருந்தால் இங்கே அந்தக் குறையை யார் கண்டிருப்பார்கள்?

டிராயிங் ஆபீஸ் கண்ணோடு பார்த்தால்

நான் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் டிராயிங் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் வரைபடங்களின் ஓரத்தில் ஒரு கட்டம் இருக்கும். எந்தத் திருத்தம், எந்தத் தேதி, யார் செய்தது, யார் ஒப்புதல் கொடுத்தது எல்லாம் அந்தக் கட்டத்தில் வரிசையாக ஏறும். இருபது வருடம் கழித்து ஒருவர் வந்து எடுத்துப் பார்த்தாலும் அந்த ஓட்டை ஏன் அரை மில்லிமீட்டர் பெரிதாயிற்று என்று தெரிந்துவிடும்.

அதே கட்டத்தைத்தான் கிட் என்ற மென்பொருளில் கண்டேன். லினக்ஸ் தந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதியது. ஒவ்வொரு மாற்றத்தையும் செய்தவர் பெயர், தேதி, காரணத்தோடு அது பதிந்து வைக்கிறது. மூன்றாண்டுகளில் ஒரு மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். புதிதாக வருபவர் பழைய மாற்றங்களைப் படித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதுமட்டுமல்ல, பணியில் சேர்ந்த ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாற்றோடு ஒரு பிரதி இருக்கும். கிட்டல் அகராதியைக் காப்பாற்றிய அதே உபாயம்தான்.

திறந்த மூலம் என்றால் என்ன என்று கேட்கும் தாய்மார்களுக்கு ஓர் உதாரணம் சொல்வேன். மார்கழியில் நம் தெருக்களில் ஒரு கோல நோட்டு வீடு வீடாகப் போகும். ஒருவர் எடுத்துப் பார்த்துத் தம் நோட்டில் வரைந்துகொள்வார். இரண்டு புள்ளி கூட்டி இன்னொரு கோலமாக்கித் திருப்பித் தருவார். முதலில் வரைந்தவருக்கு அதனால் ஒரு கோலம் குறைந்துபோவதில்லை, கூடுகிறது. நிரலுக்கும் இதுதான் நடக்கிறது.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இணையத்தில் வைத்துவிட்டாலே பிறர் எடுத்துக்கொள்ளலாம் என்று பொருளல்ல. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவருக்கு உரிமை தானாகவே வந்துவிடுகிறது. அவர் அனுமதி தராதவரை மற்றவர் பிரதி எடுக்க முடியாது. ஆகவே உரிமக் குறிப்பு ஒன்றைக் கூடவே வைக்க வேண்டும். எம்.ஐ.டி. உரிமம் மிகச் சுருக்கமானது. யாரும் எப்படியும் பயன்படுத்தலாம், எங்கள் பெயரும் இந்தக் குறிப்பும் இருக்கட்டும், கெட்டுப்போனால் நாங்கள் பொறுப்பல்ல என்பது அதன் சாரம். ஜி.பி.எல். என்னும் இன்னோர் உரிமம், மாற்றிப் பிறருக்குத் தருபவர் அதே உரிமையையும் சேர்த்துத் தர வேண்டும் என்கிறது. கட்டுரைக்கும் படங்களுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் இருக்கின்றன. இதில் ஒன்றைத் தேர்ந்து இணைக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் செலவழிக்காததால் பயனின்றிப் போன உழைப்பு கொஞ்சமல்ல.

விட்டுக்கொடுத்ததால் வளர்ந்தவை

இணையப் பக்கம் என்ற ஒன்று உலகமெங்கும் பரவியதே இப்படித்தான். ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர், விஞ்ஞானிகள் தங்கள் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்வதற்காக உலகளாவிய வலை என்ற முறையை உருவாக்கினார். 1993 ஏப்ரல் 30-ஆம் தேதி செர்ன் அந்த மென்பொருளின் உரிமையைப் பொதுவுக்கு விட்டுக்கொடுத்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகம் கோஃபர் என்ற வேறொரு முறையை வைத்திருந்தது. அப்போது அதுவும் செல்வாக்கோடுதான் இருந்தது. 1993-இன் தொடக்கத்தில் அதன் சர்வர் மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் கேட்கப்போவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. பயன்படுத்தியவர்கள் பலர் தயங்கி விலகினார்கள். வலைக்குப் படங்களைக் காட்டும் வசதி முதலான வேறு பலங்களும் இருந்தன. ஆயினும் ஒன்று கதவைத் திறந்தபோது மற்றொன்று சுங்கச்சாவடி வைத்தது என்பதை மறுக்க முடியாது.

தமிழிலிருந்தே இன்னும் நல்ல சான்று காட்டலாம். சுவிட்சர்லாந்தின் லொசான் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்தவர் கு.கல்யாணசுந்தரம். பகலில் ஒளிவேதியியல், ஓய்வு நேரத்தில் தமிழ். மயிலை என்ற தமிழ் எழுத்துருவை உருவாக்கி இலவசமாகத் தந்தார். 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கிற்று. பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியமின்றி ஆளுக்கொரு நூலாகத் தட்டச்சு செய்தார்கள், வேறு சிலர் பிழை பார்த்தார்கள். திருக்குறள் முதற்கொண்டு நூற்றுக்கணக்கான நூல்கள் அப்படி வந்தவை. அதன் ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் ஒரு குறிப்பு இருக்கும். இந்த முகப்பை அப்படியே வைத்துக்கொண்டால் கோப்பை யாருக்கும் தாராளமாகக் கொடுக்கலாம் என்பது அதன் கருத்து. அந்த ஒரு குறிப்புதான் அவற்றை உலகெங்கும் பரவச் செய்தது. தாய்நாட்டை விட்டு வெளியே வாழும் தமிழர்கள் ஒன்றுகூடிச் செய்த காரியம் இது என்பதை நம்மைப் போன்றவர்கள் பெருமையோடு நினைக்கலாம்.

அதே நாட்களில் மறுபக்கமும் உண்டு. 1990-களில் தமிழ்ப் பத்திரிகைகளும் அமைப்புகளும் ஆளுக்கோர் எழுத்துருவும் ஆளுக்கொரு குறியீட்டு முறையும் வைத்துத் தளம் நடத்தின. ஒரு தளத்துக்கு ஓர் எழுத்துருவை இறக்கினால் அடுத்த தளத்தில் அது பூச்சி பூச்சியாகத் தெரியும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு குறியீட்டையும் விசைப்பலகையையும் ஒழுங்குபடுத்த முயன்றது. பின்னர் யூனிகோடு எங்கும் பரவியது. மதுரைத் திட்டத்தின் கோப்புகளைப் புதிய முறைக்கு மாற்ற முடிந்தது, ஏனெனில் அவை திறந்தவை, பலரிடமும் இருந்தவை. தனி எழுத்துருவுக்குள் அடைத்து வைத்த பக்கங்களில் பலவற்றை இன்று படிக்க ஆளில்லை. ஜியோசிட்டீஸ் என்ற இலவச இடத்தில் தமிழர்கள் பலர் ஆசையோடு பக்கங்கள் வைத்திருந்தார்கள். 2009 அக்டோபரில் அதை மூடினார்கள். வேறெங்கும் பிரதி இல்லாதவை போயின.

நம் பெங்களூரிலேயே நல்ல உதாரணங்கள் இல்லாமலில்லை. வி.கிருஷ்ணா என்பவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தனியொருவராக உழைத்துத் தொகுத்த கன்னட–ஆங்கில அகராதி, 2019-இல் அலர் என்ற பெயரில் திறந்த உரிமத்தோடு இணையத்தில் வெளியாயிற்று. ஒன்றரை லட்சம் சொற்களுக்கு மேல் அதில் உண்டு. அதை நடத்தும் மென்பொருளும் திறந்த மூலமே. ஆகவே வேறு மொழிக்காரர் எவரும் அதை எடுத்துத் தங்கள் அகராதியை வைத்துக்கொள்ளலாம். கிட்டலுக்கு ஒரு நல்ல வாரிசு!

இன்னொன்று நமக்கு நெருக்கமானது. ஆஸ்டின் டவுனிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அந்த ஊரைத் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் அவை குறிக்கின்றன. இப்படிப் பெங்களூர் வட்டாரமெங்கும் உள்ள கல்வெட்டுகளை 1909-இல் தோன்றிய மிதிக் சொசைட்டியின் சிறு குழு ஒன்று 2021 முதல் முப்பரிமாண முறையில் படியெடுத்து, எவரும் காணும்படி இணையத்தில் வெளியிட்டு வருகிறது. சாலை அகலப்படுத்தும்போது ஒரு கல் உடைந்தாலும் எழுத்து உடையாது. நாமும் இம்மண்ணில் நேற்று வந்தவர்களல்லர் என்று நம் பிள்ளைகளுக்குக் காட்ட அந்தப் பிரதிகளை விட நல்ல சான்று வேண்டுமா?

எழும் கேள்விகள்

"கஷ்டப்பட்டுக் கட்டியதை ஏன் சும்மா கொடுக்க வேண்டும்? எவனோ பேர் வாங்கிக்கொண்டு போவான்" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் எது யாருடையது என்பதற்கு, தேதியும் பெயரும் பதிந்த வரலாறு பொதுவில் இருப்பதைவிடப் பெரிய சாட்சி ஏது? ரகசியமாக வைத்திருந்ததைத் திருடினால்தான் நிரூபிக்க வழியில்லாமல் போகும். மேலும் ஆய்வுக்கூடத்தின் மதிப்பு அதன் ஆய்வில் இருக்கிறது. தளத்தின் நிரலைப் பூட்டி வைப்பதால் ஆய்வின் மதிப்பு ஏறப் போவதில்லை.

இரண்டாவது கேள்வி இன்னும் கனமானது. நம் பகுதியிலேயே இணையத்தளம் கட்டிக் கொடுத்துப் பிழைக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். எல்லாம் இலவசமானால் அவர்கள் கதி என்ன? வேலைக்குக் கூலி கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தாராளமாகக் கொடுக்க வேண்டும். வீடு கட்டிய மேஸ்திரிக்குக் கூலி கொடுக்கிறோம். அதற்காகச் சாவியையும் பத்திரத்தையும் அவரிடமே விட்டு வைப்போமா? நிரலும் பாஸ்வேர்டும் பெயர்ப் பதிவும் கூடத்தின் கைக்கு வர வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நல்ல வேலைக்காரரை அப்படிக் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். திறந்த மாதிரி ஒன்று கையிலிருந்தால் அவருக்கும் பாதி வேலை மிச்சம். அதிகக் கூடங்களுக்குச் செய்து கொடுக்கலாம்.

மூன்றாவது, இலவச இடம் தருபவர்களை எவ்வளவு நம்பலாம் என்பது. இத்தகைய இடங்களில் பெயர் பெற்ற கிட்ஹப்பை 2018-இல் மைக்ரோசாப்ட் வாங்கிவிட்டது. நாளை கட்டணம் கேட்கலாம், விதியை மாற்றலாம். ஜியோசிட்டீசுக்கு நேர்ந்தது எதற்கும் நேரலாம். ஆனால் எளிய கோப்புகளாக இருப்பதை ஒரே நாளில் வேறிடத்துக்கு மாற்றிவிடலாம். கல்லூரிக் கணினியில் ஒரு பிரதி, மாணவர் வீட்டில் ஒரு பிரதி என்று எப்போதும் இருக்க வேண்டும் என்பதே இதற்குப் பதில்.

எல்லாவற்றையும் திறந்து வைக்கவும் கூடாது. பாஸ்வேர்டுகள், தனியார் தொலைபேசி எண்கள், நோயாளிகளின் விவரங்கள், இன்னும் சரிபார்க்காத அளவுகள் ஆகியவை வெளியே போகக் கூடாது. மாற்றங்களையெல்லாம் வரலாறாகப் பதிந்து வைக்கும் முறை என்பதால், ஒருமுறை உள்ளே போனதைப் பிறகு அழித்தாலும் பழைய பதிவில் கிடக்கும். வாசலைத் திறந்து வைக்கிற வீட்டிலும் பீரோவைப் பூட்டித்தானே வைக்கிறோம்?

நாம் செய்யத்தக்கவை

இந்த விஷயம் ஆய்வுக்கூடத்தோடு நிற்பதில்லை. நம்மில் பலருடைய தந்தையரும் பாட்டன்மாரும் வேலூர், ஆம்பூர், தருமபுரிப் பக்கங்களிலிருந்து ஆலை வேலைக்கும் கண்டோன்மெண்ட் வேலைக்கும் வந்தவர்கள். அவர்கள் நடத்திய நாடகம், தொடங்கிய படிப்பகம், நந்தன் மைதானத்தில் ஆடிய கால்பந்து, எல்லாம் எங்கோ சில பொங்கல் மலர்களிலும் புகைப்படங்களிலும் மட்டும் இருக்கின்றன. அந்த மலர்களும் யாரோ ஒரு முன்னாள் செயலாளரின் பரணில் கிடக்கின்றன. ஏரியின் அளவுகளுக்கு நேர்ந்தது இவற்றுக்கும் நேர வேண்டுமா?

என் யோசனைகள் இவை. முதலாவது, பிள்ளைகள் ஆய்வுக்கூடங்களில் படிக்கும் குடும்பத்தார், "உங்கள் தளத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? நீ போன பிறகு யார் பார்ப்பார்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டு வையுங்கள். அந்தக் கேள்வியே பாதி வேலையைச் செய்துவிடும்.

இரண்டாவது, சங்கம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்க வேண்டும். கணினித் துறையில் வேலை பார்க்கும் நம் இளைஞர்களுக்கு இது கஷ்டமான காரியமல்ல. ஏற்கெனவே திறந்து கிடக்கும் மாதிரியை எடுத்து, பழைய மலர்களைப் படம் பிடித்து, அட்டவணை எழுதி ஏற்றினால் போதும். மலரில் எழுதியவர்களிடமோ அவர்கள் குடும்பத்தாரிடமோ முறைப்படி அனுமதி கேட்டுப் பெற வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

மூன்றாவது, நம் பிள்ளைகள் கட்டும் எந்தத் தளமானாலும் கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு பக்கமாவது இருக்கட்டும். என் தங்கை மகள் பள்ளியில் கன்னடம் படித்தவள். தமிழில் பேசுவாளே தவிர எழுதத் தயங்குவாள். அந்த ஒரு பக்கக் குறிப்பை எழுதுவதற்காக அவள் அகராதியைப் புரட்டினாள், என்னிடம் சந்தேகம் கேட்டாள், அடித்துத் திருத்தினாள். தமிழ் வகுப்புக்கு வராத பிள்ளை, தன் வேலைக்குத் தமிழ் தேவைப்பட்டதும் தானாகவே வந்து உட்கார்ந்தாள். மொழியைப் பிள்ளைகளிடம் கொண்டு சேர்க்க இதுவும் ஒரு வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

பெரிய நிறுவனங்களுக்குப் பணமும் ஆளும் இருக்கின்றன. அவர்கள் தளம் எப்படியும் ஓடும். ஐந்து பேர் உள்ள ஆய்வுக்கூடத்துக்கும், சந்தாப் பணத்தில் நடக்கும் சங்கத்துக்கும் அந்த வசதி கிடையாது. ஒருவர் கட்டியதை இன்னொருவர் எடுத்துக்கொண்டு, திருத்தியதைத் திருப்பிக் கொடுத்தால்தான் இவை நிற்கும். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதைப் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று செயலாளர் அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பரணிலிருந்து மலர்களை இறக்கிக் கொண்டு வந்து தர நான் தயார். படம் பிடிக்க இரண்டு பிள்ளைகள் முன்வந்தால் வரும் ஞாயிறே தொடங்கலாம்.